எந்தத் தாளைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டாமாண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

முன்னுரை

இயற்பியல் படிக்கும் மாணவி ஒருத்தி ஆங்கில இலக்கியத் தாள்களைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கலாம். அதற்குக் காரணம் ஒரு பேருந்துப் பயணம்.

எங்கள் ஊரிலிருந்து நகரப் பேருந்தில் என்னுடன் வரும் அக்கா ஒருவர் வேறொரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாமாண்டு பயில்கிறார். சென்ற பருவத்தின் தொடக்கத்தில் அவருடைய வகுப்பில் விருப்பத் தாள் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. ஆப்பிரிக்க இலக்கியம் ஒன்று, இதழியல் ஒன்று என இரண்டு தாள்கள் இருந்தன. எது வேண்டும் என்று கையைத் தூக்கச் சொன்னார்களாம்.

"அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருச்சு. எதுக்குக் கடையில நோட்ஸ் கிடைக்கும்னு ஒருத்தி கேட்டா. இதழியலுக்குக் கிடைக்கும்னு இன்னொருத்தி சொன்னா. எல்லாக் கையும் மேல போயிருச்சு. ஆப்பிரிக்கா வேணும்னு நினைச்சுட்டு இருந்த நானும் தூக்கிட்டேன்" என்றார் அக்கா.

இதழியல் நல்ல தாள்தான். அதைப் படித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் பலர். குறை தாளில் இல்லை. தேர்ந்தெடுத்த முறையில்தான் இருக்கிறது. "நானும் தூக்கிட்டேன்" என்ற அந்தக் கடைசிச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

எனக்கும் இதில் சொந்த அக்கறை உண்டு. பி.எஸ்சி. முடித்தபின் எம்.ஏ. ஆங்கிலம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பகுதி இரண்டில் ஆங்கிலம் படித்த பிற துறைப் பட்டதாரிகளையும் பல பல்கலைக்கழகங்கள் எம்.ஏ. ஆங்கில வகுப்பில் சேர்த்துக்கொள்கின்றன. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறார். எந்தத் தாளை எடுப்பது என்று கேட்டால் வழி சொல்ல வீட்டில் யாரும் இல்லை. நாளை அந்தக் கை தூக்கும் நேரம் எனக்கும் வரும். அன்று நான் எதைப் பார்த்துக் கை தூக்குவேன்? இந்தக் கேள்வியோடு நம் நூலகத்திலும் ஆங்கிலத் துறைப் பேராசிரியர்களிடமும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை உடன் பயிலும் நண்பர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

தேர்வுரிமை வந்த வரலாறு

மாணவர் தம் பாடத்தைத் தாமே தேர்ந்தெடுப்பது பண்டுதொட்டு இருந்து வரும் வழக்கம் அன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1869 முதல் 1909 வரை நாற்பது ஆண்டுகள் தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட் என்பவரே இதைப் பெரிய அளவில் வளர்த்தவர். அவர் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் என்பது அறிவியல் மாணவர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. எல்லா மாணவரும் ஒரே பாடங்களைப் படிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அவர் படிப்படியாகத் தளர்த்தினார்.

சுதந்திரம் கிடைத்ததும் பலர் எளிய பாடங்களாகப் பார்த்து எடுத்தனர். ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் எடுத்தனர் என்ற குறை எழுந்தது. 1909இல் அடுத்த தலைவராக வந்த லாரன்ஸ் லோவெல் ஒரு திருத்தம் செய்தார். ஒரு துறையில் ஆழமாகச் சில பாடங்கள், பிற துறைகளில் பரவலாகச் சில பாடங்கள் என்று வகுத்தார். ஆழம் ஒன்று, அகலம் ஒன்று என்ற அந்த ஏற்பாட்டின் சாயலை இன்றும் பல நாட்டுப் பாடத்திட்டங்களில் காணலாம். அக்காவின் வகுப்பில் நடந்தது புதிதன்று என்பதும் இதனால் விளங்கும். தேர்வுரிமை பிறந்த இடத்திலேயே எளிதானதைத் தேடும் பழக்கமும் பிறந்துவிட்டது.

பாடத்திட்டம் கல்வெட்டு அன்று

தாள்களின் பட்டியலைப் பார்க்கும்போது அது மாற்ற முடியாத ஒன்று என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மை அப்படியன்று. ஆக்ஸ்போர்டில் ஆங்கிலத்துக்குத் தனித்துறை 1894இல்தான் தோன்றியது. கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் தனிப் பட்டத் தேர்வானது 1917இல். ஆக்ஸ்போர்டில் 1931இல் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது கட்டாயப் பாடத்தை 1830ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் அந்தத் திருத்தத்தில் முன்னின்றவர்களுள் ஒருவர். டிக்கன்ஸின் நாவல்கள் யாவும் அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றன.

1968இல் நைரோபியில் இதைவிடப் பெரிய கேள்வி எழுந்தது. கூகி வா தியாங்கோ, ஓவுவோர் அன்யும்பா, தபான் லோ லியோங் ஆகிய மூவர், ஆங்கிலத் துறையையே நீக்கிவிட வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். இலக்கியமே வேண்டாம் என்பதன்று அவர்கள் கருத்து. ஆப்பிரிக்க மாணவனுக்கு ஆப்பிரிக்க இலக்கியம் நடுவில் இருக்க வேண்டும். மற்ற இலக்கியங்கள் அதைச் சுற்றி அமைய வேண்டும் என்பதே அவர்கள் வாதம். இன்று நம் பாடத்திட்டங்களில் ஆப்பிரிக்க இலக்கியம், கரீபிய இலக்கியம், இந்திய ஆங்கில இலக்கியம் என்றெல்லாம் தாள்கள் இருக்கின்றன என்றால், இத்தகைய வாதங்களின் பயனும் அதில் உண்டு. ஒரு தாள் பட்டியலில் இடம்பெற யாரோ ஒருவர் எங்கோ போராடியிருக்கிறார். அதை ஐந்து நிமிடத்தில் கைவிடுவது முறையா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாள்களின் வகைகள்

உயர் வகுப்பு இலக்கியத் தாள்களை ஏறத்தாழ ஐந்து வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றும் நம்மிடம் வேறு வேறு உழைப்பைக் கேட்கிறது. தாளின் பெயரைவிட அந்த உழைப்பு எது என்று அறிவதே முதன்மையானது.

முதல்வகை காலத் தாள். ஒரு நூற்றாண்டையோ ஓர் அரசியின் ஆட்சிக் காலத்தையோ எடுத்துக்கொண்டு அக்காலத்துக் கவிதை, நாடகம், உரைநடை எல்லாவற்றையும் படிப்பது. இங்கே நூல்கள் மிகுதி. நினைவாற்றலும் வரலாற்றறிவும் வேண்டும்.

இரண்டாம் வகை தனி ஆசிரியர் தாள். ஷேக்ஸ்பியர் தாள் இதற்கு எடுத்துக்காட்டு. ஏழெட்டு நாடகங்களின் கதைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்வதுதான் இத்தாள் என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு என்பதை 'ஹாம்லெட்' பற்றிய ஒரு செய்தி உணர்த்தியது. அந்நாடகம் மூன்று பழம்பதிப்புகளில் நமக்குக் கிடைக்கிறது. முதலாவது 1603இல் வந்தது; இரண்டாவது 1604-05இல் வந்தது; மூன்றாவது ஷேக்ஸ்பியர் மறைந்து ஏழாண்டு கழித்து 1623இல் வெளியான பெருந்தொகுப்பில் உள்ளது. முதற்பதிப்பு இரண்டாவதில் ஏறத்தாழப் பாதியளவே. மூன்றும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. எங்கள் செய்முறை வகுப்பில் மூன்று அளவீடு வந்தால் கூட்டி மூன்றால் வகுத்துச் சராசரி எழுதிவிடுவோம். இங்கே சராசரி எடுக்க வழியில்லை. ஏன் வேறுபடுகிறது, எதை நம்புவது, நடிகர் நினைவிலிருந்து சொன்னதா, ஆசிரியரே திருத்தியதா என்று ஒவ்வோரிடத்திலும் கேட்டாக வேண்டும். ஒரே ஆசிரியரிடம் இவ்வளவு நேரம் நிற்கும் பொறுமை இருப்பவருக்கு இத்தாள் ஏற்றது.

மூன்றாம் வகை இலக்கிய வடிவத் தாள். நாவல், நாடகம், தன்வரலாறு என ஒரு வடிவத்தை எடுத்து அது எப்படி வளர்ந்தது என்று காண்பது. கதை விரும்பிகள் இங்கே எளிதில் நுழையலாம். ஆனால் கதை என்ன என்பதோடு நின்றுவிடாமல் கதை எப்படிச் சொல்லப்பட்டது என்று பார்க்கப் பழக வேண்டும்.

நான்காம் வகை மொழி வரலாறும் திறனாய்வுக் கோட்பாடும். பெரும்பாலோர் அஞ்சி ஒதுங்கும் தாள்கள் இவையே. பழைய ஆங்கிலக் காப்பியமாகிய 'பேவுல்ஃப்' 3182 அடிகள் கொண்டது; உலகில் அதற்கு ஒரே ஒரு கையெழுத்துப் படிதான் உண்டு; 1731இல் நேர்ந்த தீ விபத்தில் அதுவும் ஓரம் கருகித் தப்பியது. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையரை அறிந்த நமக்கு அந்தப் படியின் அருமை சொல்லாமலே விளங்கும். கணக்கிலும் விதிகளிலும் பழகிய அறிவியல் மாணவர்களுக்கு மொழியியல் அச்சந்தரும் பாடமன்று என்பது என் எண்ணம்.

ஐந்தாம் வகை பிற நாட்டு இலக்கியங்களும் ஒப்பிலக்கியமும் மொழிபெயர்ப்பும். இங்கே நம்முடைய தாய்மொழி அறிவு நேரே பயன்படுகிறது. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கில வகுப்பில் கூனிக் குறுகி உட்கார வேண்டியதில்லை. இத்தகைய தாளில் நம் கையிலும் ஒரு முதல் இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் ஒரு சோதனை

எந்தத் தாளை எடுத்தாலும் அடிப்படையாக வேண்டிய திறன் ஒன்று உண்டு. அதைக் கண்டறிந்த கதை எங்கள் ஆய்வுக்கூடத்தை நினைவூட்டுவது. கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1920களில் தம் வகுப்பினருக்குச் சில கவிதைகளை ஆசிரியர் பெயரோ காலமோ குறிப்பிடாமல் கொடுத்து, தோன்றியதை எழுதி வரச் சொன்னார். அவற்றுள் 13 கவிதைகளுக்கு வந்த கருத்துரைகளை ஆராய்ந்து 1929இல் நூலாக வெளியிட்டார். பெயர் தெரியாதபோது நன்கு படித்த மாணவர்களே நேர்ப்பொருளைக்கூடப் பிடிக்க முடியாமல் தடுமாறினார்கள்; முன்பே மனத்தில் இருந்த வாய்பாடான உணர்ச்சிகளையே கவிதையின் மேல் ஏற்றிச் சொன்னார்கள்.

இதைப் படித்ததும் நானும் சோதித்துப் பார்த்தேன். பகுதி இரண்டுப் பழைய பாடநூலிலிருந்து ஒரு சிறு கவிதையைப் பெயரில்லாமல் கையால் எழுதி ஐந்து தோழிகளிடம் கொடுத்தேன். நால்வர் "அழகாக உள்ளது" என்று எழுதினர். பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார் என்று ஒருவரும் எழுதவில்லை. பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கும் தெரியவில்லை! கடையில் வாங்கும் நோட்ஸ் இந்த இடத்தில் கைகொடுக்காது. நம் கண்ணே படிக்க வேண்டும்.

துறை மாறிய மூவர்

ரிச்சர்ட்ஸிடம் பயின்றவர்களுள் ஒருவர் வில்லியம் எம்ப்சன். 1925இல் கேம்பிரிட்ஜில் அவர் சேர்ந்தது கணிதத்துக்கு. பின்னர் ஆங்கிலத்துக்கு மாறினார். ஒரு சொல் எத்தனை வகையில் பல பொருள் தரும் என்பதைக் கணக்கைப் பிரித்துப் பார்ப்பதுபோல் பிரித்துப் பார்த்து, ஏழு வகைகளாக 1930இல் நூல் செய்தார். அப்போது அவருக்கு வயது 24. கணிதத்தில் பழகிய மனம் இலக்கியத்தில் வீணாகவில்லை.

இரண்டாமவர் நைஜீரியாவின் சினுவா அச்செபே. 1948இல் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் படிக்க உதவித்தொகையோடு சேர்ந்தார். ஓராண்டுக்குப்பின் ஆங்கிலம், வரலாறு, சமயம் ஆகிய பாடங்களுக்கு மாறினார்; உதவித்தொகை போயிற்று. அவர் படிப்புத் தொடரத் தமையனார் தாம் ஊருக்கு வருவதற்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்தார். இதைப் படித்தபோது என் அப்பாவின் வாரக் கூலி என் கண்முன் வந்தது. பாடத்தை மாற்றுவது ஏட்டில் ஒரு வரி; வீட்டில் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார்.

இபாதானில் அச்செபேயின் வகுப்புக்கு ஜாய்ஸ் கேரி 1939இல் எழுதிய 'மிஸ்டர் ஜான்சன்' என்ற நாவல் பாடமாக இருந்தது. நைஜீரியாவைப் பற்றி ஓர் அயலார் எழுதிய நாவல் அது. தம் மக்களை அது காட்டிய விதம் மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை. நம் கதையை நாமே எழுத வேண்டும் என்ற எண்ணம் அச்செபேயிடம் வளர அதுவும் ஒரு காரணமாயிற்று. 1958இல் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவல் வந்தது. பிடித்த நூல் மட்டுமே பயன் தரும் என்று எண்ண வேண்டாம். சினமூட்டும் நூலும் ஒருவரை எழுத்தாளராக்கும்.

மூன்றாமவர் நமக்கு அண்மையானவர். 1929இல் மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் கல்லூரியில் முதலாண்டு அறிவியல் படித்தார். அவர் தந்தையார் கணிதப் பேராசிரியர். மகனுக்குக் கணித மனம் இல்லை என்று கண்டு ஆங்கிலத்துக்கு மாறச் சொன்னார். ஆங்கிலம் படித்த அவர் 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடியபோது, உ.வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பைக் கண்டார். 1967இல் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக வெளியிட்டார். சங்கக் கவிதை உலக வாசகரிடம் சென்று சேர்ந்த வழிகளுள் அது ஒன்று. தொலைவில் தொடங்கிய படிப்பு அவரை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டது.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து நான் எனக்காக வகுத்துக்கொண்ட நெறிகள் இவை.

ஒன்று: தாளின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், அதிலுள்ள ஒரு நூலின் முதற் பத்துப் பக்கத்தைப் படித்துப் பார்ப்பது. எல்லாச் சொல்லும் புரிய வேண்டியதில்லை. பதினோராவது பக்கத்தைப் புரட்டத் தோன்றுகிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டு: முந்திய ஆண்டு வினாத்தாளைப் பார்ப்பது. எந்த வினா வரும் என்று ஊகிப்பதற்காக அன்று. அத்தாள் நம்மை எதைச் செய்யச் சொல்கிறது, நினைவு கூரவா, ஒப்பிடவா, வாதிடவா என்று அறிவதற்காக.

மூன்று: இரண்டு தாள் எடுக்க இடமிருந்தால் நமக்கு அருகில் உள்ளது ஒன்றும் தொலைவில் உள்ளது ஒன்றும் எடுப்பது. இரண்டும் எளிதாக இருந்தாலும் இழப்பு. இரண்டும் கடினமாக இருந்தாலும் இடர்.

நான்கு: வேலையைப் பற்றிய கேள்வியை ஒளிக்காமல் கேட்பது. எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வெட்கப்பட வேண்டிய கேள்வியன்று. கல்லூரி ஆசிரியர் பணிக்கு உதவும் தேசியத் தகுதித் தேர்வில் ஆங்கிலப் பாடத்திட்டம் 10 அலகுகள் கொண்டது. நாடகம், கவிதை, புனைகதை, பிற உரைநடை ஆகியவை நான்கு. மொழி, இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வு, திறனாய்வு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கோட்பாடு, ஆய்வு முறை ஆகியவை மற்ற ஆறு. நாம் அஞ்சி ஒதுக்கும் தாள்கள்தாம் இந்த ஆறு! இன்று எளிது என்று விட்டுவிட்டது நாளை வாசலில் வந்து வழிமறிக்கும்.

இவற்றையெல்லாம் ஒருநாள் இரவு அப்பாவிடம் சொன்னேன். தறி ஓசையிலேயே காலம் கழித்தவர்; சற்று உரக்கத்தான் பேச வேண்டும். கட்டாயத் தாள், விருப்பத் தாள் என்றால் என்ன என்று கேட்டறிந்துகொண்டு அவர் சொன்னார்: "அது பாவும் ஊடையும் மாதிரி, கண்ணு. ஒரே பாவுல ஊடை நிறத்தை மாத்துனா அது வேற சேலை ஆயிரும். ஆனா பாவு இழை அறுந்துபோச்சுன்னா ஊடை எதுல ஓடும்?"

ஐந்தாவது நெறி அப்பாவுடையது. கட்டாயத் தாள்களை ஒழுங்காகப் படித்தவருக்கே விருப்பத் தாள் பயன் தரும். ஆதலால் நான் முதலில் இயற்பியல் பட்டத்தை நன்றாக முடிக்க வேண்டும்.

முடிவுரை

2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு வந்த ஒரு மாதத்து 1000 ரூபாயில் அச்செபேயின் நாவலை வாங்கினேன். படித்து முடித்ததும் அக்காவிடம் கொடுத்தேன். அவர் வகுப்பில் இதழியல் நடக்கிறது. பேருந்தில் ஆப்பிரிக்க இலக்கியம் நடக்கிறது. நாற்பது நிமிடப் பயணத்தில் நாங்கள் இருவரும் ஓர் இயலைப் படித்துப் பேசுகிறோம். வகுப்பில் கிடைக்காத தாளை இப்படியும் படிக்கலாம் என்று கண்டுகொண்டோம்.

பேராசிரியப் பெருமக்களிடம் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. எந்தத் துறையானாலும், விருப்பத் தாள் முடிவாகும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகத் தாள்களின் விவரத்தையும் ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கப் படியையும் துறை அறிவிப்புப் பலகையில் வைக்க வேண்டுகிறேன். ஒவ்வொரு தாளைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினால் இன்னும் நன்று. வீட்டில் கேட்டறிய ஆளில்லாத பிள்ளைகள் நம் கல்லூரியில் மிகப் பலர். எங்களுக்கு அந்தப் பத்து நிமிடமே பெரிய வழிகாட்டி.

நண்பர்களே! கை தூக்கச் சொல்லும் நாள் உங்களுக்கும் வரும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்க்குமுன் அந்தப் பத்துப் பக்கத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.